வீட்டருகே எழுந்த இடிமேகத்தைத் தனியாகத் துரத்திச் சென்றேன்: எங்கே தவறினேன்?

மழைக்கோடு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நேற்று மாலை எந்தத் திட்டமும் இல்லாமல், யாரையும் அழைக்காமல், வீட்டுக்கு அருகே எழுந்த ஓர் இடிமேகத்தைத் துரத்திச் சென்றேன். கிடைத்தது சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு படமும், காரின் மேற்கூரையில் நான்கு சிறு பள்ளங்களும்தான். எங்கே தவறு நேர்ந்தது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும் என்பதால், நடந்ததை வரிசையாகவே எழுதுகிறேன்.

மாலை 4.20 மணி அளவில் தென்மேற்கில் ஒரு மேகக் கோபுரம் எழுவதைச் சன்னல் வழியாகப் பார்த்தேன். அதன் விளிம்பு பஞ்சுபோலக் கலைந்திருக்கவில்லை. காலிஃபிளவர் பூவைப்போல, வெட்டி வைத்தாற்போல் அவ்வளவு கூர்மையாக இருந்தது. பதினைந்து நிமிடங்களில் அதன் உச்சி தட்டையாகப் பரவிப் பட்டடைக்கல் வடிவம் எடுத்துவிட்டது. 4.35க்கு ரேடார் படத்தைத் திறந்தேன். மழையின் மையம் என் வீட்டிலிருந்து 30 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. முந்தைய படத்தோடு ஒப்பிட்டால், மணிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வேகத்தில் என் பக்கமாகவே வந்துகொண்டிருந்தது. பதினைந்து, இருபது கிலோமீட்டர் எதிரே போனால் திறந்த வெளியில் நின்று முழு உருவத்தையும் படம் பிடிக்கலாம், நேரம் தாராளமாக இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். கேமராவையும் முக்காலியையும் தேடி எடுத்துக்கொண்டு கிளம்பும்போது 4.45.

சாலையின் இரு பக்கமும் மரங்கள் என்பதால் ஏழெட்டுக் கிலோமீட்டர் வரை வானமே சரியாகத் தெரியவில்லை. முதன்முதலாக வெட்டவெளி கிடைத்த இடத்தில் வண்டியை ஓரங்கட்டி, முக்காலியின் இரண்டாவது காலை நீட்டிக்கொண்டிருந்தபோதே, தரையோடு ஒட்டிய நீண்ட கரிய மேகத் திரை ஒன்று வயல்களுக்கு மேலாக உருண்டு வருவதைக் கண்டேன். அதுவரை முதுகில் வீசிக்கொண்டிருந்த வெப்பக் காற்று சட்டென்று நின்றது. ஒரு நிமிடம் இலைகூட அசையவில்லை. பிறகு எதிர்ப்பக்கமிருந்து, குளிர்பதனப் பெட்டியைத் திறந்தாற்போல் குளிர்ந்த காற்று புழுதியோடு முகத்தில் அறைந்தது. முக்காலியை மடக்காமலேயே பின்னிருக்கையில் எறிந்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். அதன் பின் இருபத்தைந்து நிமிடங்களுக்கு மழை, ஆலங்கட்டி, வெண்மை ஆகியவற்றைத் தவிர எதையும் பார்க்கவில்லை. திரும்பும் வழியில், நான் வந்த அதே சாலையில் ஒரு பெரிய கிளை குறுக்கே விழுந்து கிடந்தது.

என் ஐயங்கள் இவை. முப்பது கிலோமீட்டரில் இருந்த மேகம் பத்தே நிமிடங்களில் எப்படி என் மேல் வந்து நின்றது? நான் பார்த்த அந்தக் கரிய திரை, படங்களில் எச்சரிக்கையோடு காட்டப்படும் சுவர்மேகமா? எங்கே நின்றிருந்தால் அதன் உருவத்தைப் பார்த்திருக்க முடியும்? தனியாகச் செல்பவர் சாலையையும் வானத்தையும் கைபேசியையும் ஒரே நேரத்தில் எப்படிக் கவனிக்கிறார்? ரேடார் படத்தையும், எடுத்த அந்த ஒரே புகைப்படத்தையும் இணைத்துள்ளேன்.

தென்காற்று

நீங்கள் இணைத்துள்ள ரேடார் படத்தின் கீழ் மூலையைப் பாருங்கள். அதில் பதிவான நேரம் 4.23. நீங்கள் அதைப் பார்த்தது 4.35, கிளம்பியது 4.45. ஆக, உங்கள் கணக்கு 22 நிமிடப் பழைய கணக்கு. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மேகம் அந்த 22 நிமிடங்களில் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நகர்ந்திருக்கும். எனவே நீங்கள் சாவியைத் திருகிய நொடியில் உங்களுக்கும் மழைக்கும் நடுவே இருந்தது 30 அல்ல, 15 கிலோமீட்டர்தான். அதன் பிறகு நீங்கள் மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் அதை நோக்கிச் சென்றிருக்கிறீர்கள், அது 40இல் உங்களை நோக்கி வந்திருக்கிறது. இடைவெளி மணிக்கு 85 கிலோமீட்டர் வேகத்தில் சுருங்கியிருக்கிறது. பத்து, பதினொரு நிமிடம் என்பது துல்லியமான விடைதான். மேகம் எந்த அவசரமும் காட்டவில்லை.

இதில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் முகத்தில் அறைந்த குளிர்காற்று மழைக்கு முன்னதாகவே வந்துவிடும். மேகத்திலிருந்து விழும் மழையின் ஒரு பகுதி வழியிலேயே ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்று குளிர்ந்து கனத்துப்போகிறது. கனத்த காற்று கீழே இறங்கித் தரையில் மோதி, குடத்து நீரைத் தரையில் கொட்டினாற்போல் நாலா பக்கமும் விரிகிறது. அதன் முன்விளிம்பு மழையை விடப் பல கிலோமீட்டர் முன்னால் ஓடக்கூடும். ரேடாரில் இது ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். ரேடாரின் மிகத் தாழ்ந்த கற்றை வழக்கமாக அரை டிகிரி கோணத்தில் கிளம்புகிறது. பூமியின் வளைவும் சேர்ந்துகொள்வதால், 100 கிலோமீட்டர் தள்ளி அது தரையிலிருந்து கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் செல்கிறது. தரையோடு ஊர்ந்து வரும் குளிர்காற்று அந்தக் கற்றைக்குக் கீழேயே நழுவிவிடும்.

ஆகவே ரேடார் படத்தைத் திறந்தவுடன் முதலில் படிக்க வேண்டியது வண்ணங்களை அல்ல, நேரத்தை. நான் இதைக் கற்றுக்கொள்ள ஒரு முன்கண்ணாடி செலவானது.

மேகப்பித்தன்

சுவர்மேகமா என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். (ஆங்கிலச் சொல்லை அப்படியே 'வால் மேகம்' என்று எழுதும் பழக்கம் பரவி வருகிறது, தமிழில் அதற்கு வேறு பொருள் வந்து, பலர் வானத்தில் வாலைத் தேடுகிறார்கள். சுவர்மேகம் என்று நீங்கள் எழுதியதற்கு நன்றி.)

நீங்கள் கண்டது சுவர்மேகம் அல்ல, ஷெல்ஃப் மேகம். படத்தைப் பார்க்காமலேயே உங்கள் வருணனையிலிருந்து அதைச் சொல்லிவிடலாம், ஏனென்றால் காற்று உங்களுக்கு விடையைச் சொல்லிவிட்டது. மேகம் முதிரும் வரை அது சுற்றியுள்ள வெப்பமான ஈரக்காற்றை உள்ளிழுத்துக்கொண்டே இருக்கும். அதை நோக்கி நின்றால் காற்று உங்கள் முதுகில் படும். வெளியேறும் குளிர்காற்று வந்து சேரும்போது அது முகத்தில் படும். அந்தக் குளிர்காற்று ஓர் ஆப்புபோல அடியில் நுழைந்து வெப்பக் காற்றை மேலே தூக்குவதால், முன்விளிம்பு நெடுகிலும் நீண்ட, சரிந்த, படிப்படியான மேகம் உருவாகிறது. அதுதான் ஷெல்ஃப் மேகம். மழைக்கு முன்னால் வரும். அடிவானத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும். பார்க்க மிகப் பயங்கரமாக இருக்கும்.

சுவர்மேகம் இதற்கு நேர்மாறான இடத்தில் இருக்கும். மழை பெய்யாத, கரிய, தட்டையான அடிப்பகுதி ஒன்று மேகத்தின் ஒரு பக்கத்தில் தெரியும். அங்கேதான் காற்று மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. அந்த அடிப்பகுதியிலிருந்து சிறு பரப்பில் மட்டும் கீழே இறங்கி நிற்பது சுவர்மேகம். சூப்பர்செல் எனப்படும் சுழலும் இடிமேகங்களில் அது பத்து நிமிடத்துக்கும் மேல் நிலைத்து நின்று, மெதுவாகத் திரும்புவதைக் கண்ணால் காணலாம். அதற்குக் கீழே கந்தல் துணிபோல் தொங்கி, வந்து வந்து கலையும் துணுக்கு மேகங்களைப் பார்த்துப் பலர் டொர்னாடோ (மேகத்திலிருந்து தரை வரை இறங்கும் சுழல்காற்று) என்று கூவிவிடுகிறார்கள். கை நடுங்கும் நேரத்தில் அந்தத் தவறு யாருக்கும் வரும். ஒரு நிமிடம் கண்ணெடுக்காமல் பாருங்கள். கந்தல் சுழலாது, இழுபடும்.

உங்கள் புகைப்படம் அத்தனை மோசமில்லை. இடப்பக்கக் கீழ் விளிம்பில் வெண்பச்சையாக ஒரு பட்டை தெரிகிறதே, அங்கிருந்துதான் கனமழையும் உங்கள் கூரையைப் பதம் பார்த்த ஆலங்கட்டியும் வந்திருக்க வேண்டும்.

பழைய பாரோமீட்டர்

சற்றுக் கடுமையாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் நேற்றுக் கிளம்பியிருக்கவே கூடாது என்பது என் கருத்து. ஆபத்து ஒரு காரணம்தான். இடிமேகத்தின் முழு உருவத்தைப் பார்க்க வேண்டும் என்றால் அதனிடமிருந்து விலகி நிற்க வேண்டும். நீங்கள் அதன் மடியில் போய் உட்கார்ந்துவிட்டீர்கள். பன்னிரண்டு கிலோமீட்டர் உயரமுள்ள மேகம் 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும்போது, அதன் உச்சி அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 17 டிகிரியில் தெரியும். கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் ஒரு முட்டி ஏறக்குறைய 10 டிகிரி. ஆகவே இரண்டு முட்டிக்குச் சற்றுக் குறைவான உயரம். அடிப்பகுதி, தண்டு, பட்டடை எல்லாம் ஒரே சட்டகத்துக்குள் அடங்கிவிடும். அதே மேகம் 10 கிலோமீட்டரில் இருந்தால் உச்சி 50 டிகிரிக்கு ஏறிவிடும். அண்ணாந்து பார்த்தாலும் பட்டடையின் அடிவயிறுதான் தெரியும். நீங்கள் 4.35க்குச் சன்னலில் கண்ட காட்சிதான் அன்றைய நாளின் ஆகச் சிறந்த காட்சி. கேமரா அப்போது அலமாரியில் இருந்தது.

மின்னலைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. மழை வராத இடத்தில் முக்காலியோடு நிற்பது பாதுகாப்பு என்று நினைக்கிறோம். மழைப் பகுதியிலிருந்து 10 கிலோமீட்டருக்கும் அப்பால், தலைக்கு மேல் வெளிர்நீல வானம் தெரியும் இடத்திலும் மின்னல் இறங்கியிருக்கிறது. ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க மூன்று நொடி எடுக்கும். மின்னலைக் கண்ட 30 நொடிக்குள் இடி கேட்டால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள், அப்போது வெளியே நிற்கக் கூடாது. கடைசி இடிக்குப் பிறகும் 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். வெட்டவெளியில் நீங்களும் உங்கள் முக்காலியுமே உயரமான பொருள்கள்.

காருக்குள் புகுந்துகொண்டது சரியான முடிவு. டயர் ரப்பராக இருப்பதால் பாதுகாப்பு என்று சொல்லுவார்கள், அது பிழை. பல கிலோமீட்டர் காற்றைத் துளைத்து வந்த மின்னலுக்கு ஒரு சாண் ரப்பர் பெரிய தடையில்லை. மூடிய உலோகக் கூடு மின்னோட்டத்தைத் தன் மேற்பரப்பு வழியாகவே தரைக்குக் கடத்திவிடுவதுதான் காரணம். ஆகவே கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, கதவின் உலோகப் பகுதியையும் மின்னேற்றும் கம்பியையும் தொடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். இரு சக்கர வண்டியில் போகிறவர்களுக்கு இந்தக் கூடு கிடையாது. அவர்கள் இடிமேகத்தைத் துரத்துவதே தவறு.

தென்காற்று

பெரியவர் சொன்ன மின்னல் கணக்கில் எனக்கு மாறுபாடு இல்லை. கிளம்பியிருக்கவே கூடாது என்பதில் மட்டும் உண்டு. இடிமேகங்களைத் துரத்தும் இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான டேவிட் ஹோட்லி 1956இல் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் தொடங்கியதும் சொந்த ஊர்ப் பக்கத்தில்தான். கைபேசியும் இணைய ரேடாரும் இல்லாத காலம் அது. வீட்டருகே போவது தாழ்ந்ததும் அல்ல, மடமையும் அல்ல. எந்தப் பக்கம் போய் நிற்கிறோம் என்பதுதான் கேள்வி.

மேகம் நகரும் பாதையை ஒரு கோடாக வரையுங்கள். அந்தக் கோட்டின் மேல் நீங்கள் இருக்கக் கூடாது. நேற்று நீங்கள் அதன் மேலேயே ஓட்டிச் சென்றீர்கள். கோட்டுக்குச் செங்குத்தாக விலகி, பக்கவாட்டில் எட்டுப் பத்துக் கிலோமீட்டர் தள்ளி நின்று, மேகம் உங்களைக் கடந்து செல்வதைப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் என்பதை மேகமே காட்டும்: புதிய கோபுரங்கள் படிப்படியாக எழுந்துகொண்டிருக்கும் பக்கம்தான் காற்று உள்ளே நுழையும் பக்கம், மழைத்திரை மறைக்காத பக்கம். வட அரைக்கோளத்தின் சூப்பர்செல்களில் அது பெரும்பாலும் மேகம் செல்லும் திசைக்கு வலப்பக்கப் பின்புறமாக இருக்கும். தென் அரைக்கோளத்தில் இடம் மாறும். சாதாரண இடிமேகங்களில் இந்த விதி அவ்வளவு உறுதியில்லை, ஆகவே கண்ணைத்தான் நம்ப வேண்டும்.

அப்படி நிற்கும் இடத்திலிருந்து மேலும் விலகிச் செல்ல இன்னொரு சாலை இருக்க வேண்டும். ஒரே வழியில் போய் அதே வழியில் திரும்புவதாக இருந்தால் அது நல்ல இடமே அல்ல. உங்கள் சாலையில் விழுந்த கிளை, நீங்கள் திரும்பிக்கொண்டிருக்கும்போது விழுந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

மழைக்கோடு

கிளையைப் பற்றி நேற்றிரவு முழுவதும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அனைவருக்கும் நன்றி. நேரப் பதிவை நான் பார்க்கவே இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். சற்று வெட்கத்தோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: வெளியூர் என்றால் வரைபடம் பார்த்திருப்பேன், எரிபொருள் பார்த்திருப்பேன், யாரிடமாவது சொல்லிவிட்டுப் போயிருப்பேன். பத்து நிமிடத் தொலைவுதானே, தெரிந்த சாலைதானே என்பதால் எதையும் செய்யவில்லை. அந்தச் சாலையில் நூறு முறை போயிருக்கிறேன். ஆனால் வானத்தைப் பார்ப்பதற்கு அதில் எங்கே நிற்கலாம் என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை என்பது நேற்றுத்தான் தெரிந்தது. தனியாகச் செல்வது பற்றிய என் கடைசிக் கேள்வி இன்னும் நிற்கிறது.

ஈரநிலம்

அதற்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் நான் பெரும்பாலும் தனியாகவே செல்பவள்.

ஒரே நேரத்தில் மூன்றையும் கவனிக்க முடியாது. கவனிப்பதாகச் சொல்பவர்கள் சாலையைக் கவனிக்கவில்லை. வண்டி ஓடும்போது சாலை மட்டும். வானத்தையும் கைபேசியையும் பார்க்க வேண்டுமானால் நிறுத்த வேண்டும், அதற்காகவே நிற்கக்கூடிய இடங்கள் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நான் வீட்டில் இருக்கும் தங்கையிடம் ரேடாரை ஒப்படைத்துவிடுவேன். அவள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அழைத்து, படத்தின் நேரத்தையும் மழையின் முன்விளிம்பு எந்த ஊரைத் தொட்டிருக்கிறது என்பதையும் மட்டும் சொல்லுவாள். ஒலிபெருக்கியில் கேட்டுக்கொள்வேன், பதில் பேசமாட்டேன். நான் எங்கே இருக்கிறேன் என்று ஒருவருக்கு எப்போதும் தெரியும் என்பது இதன் இரண்டாவது பயன். அழைப்பு இரண்டு முறை வரவில்லை என்றால் வலையமைப்பு போய்விட்டது என்று கொண்டு திரும்பிவிடுவேன்.

காரில் பழைய ஏ.எம். வானொலி இருந்தால் அதை நிலையம் இல்லாத ஓர் அலைவரிசையில் வைத்துவிடுங்கள். ஒவ்வொரு மின்னலுக்கும் அதில் 'படபட' என்று ஓர் இரைச்சல் வரும். இரைச்சல் அடர்ந்துகொண்டே போனால் மேகம் வலுக்கிறது அல்லது நெருங்குகிறது. கண்ணை எடுக்காமல் கிடைக்கும் செய்தி அது.

திரும்பும் புள்ளியை வீட்டிலேயே முடிவு செய்துவிடுவேன். இந்தச் சந்திப்பைத் தாண்டமாட்டேன், இந்த மணிக்கு மேல் நிற்கமாட்டேன் என்று. அங்கே போய் முடிவு செய்யலாம் என்று விட்டுவைத்தால் மேகம் நமக்காக முடிவு செய்துவிடும். அனுபவம் இருந்தால் போதும் என்று யாராவது சொன்னால் 2013 மே 31ஐ நினைத்துக்கொள்வேன். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் உள்ள எல் ரீனோவில் அன்று உருவான டொர்னாடோ 4.2 கிலோமீட்டர் அகலம் வரை விரிந்து, திடீரெனத் திசை மாறி வேகமெடுத்தது. பல ஆண்டுகள் களத்தில் ஆய்வு செய்திருந்த டிம் சமாராஸ், அவருடைய மகன் பால், உடன் பணியாற்றிய கார்ல் யங் ஆகிய மூவரும் அதில் உயிரிழந்தனர். அவர்கள் அறியாமல் போனவர்களும் அல்லர், தனியாகப் போனவர்களும் அல்லர்.

பெரியவருக்கு ஒரு சொல்: பெரும்பாலான மாலைகளில் நீங்கள் சொல்வதே சரி. நான் சன்னலில் எடுத்த படங்கள்தான் எண்ணிக்கையில் அதிகம்.

பழைய பாரோமீட்டர்

அம்மா, அதை ஒப்புக்கொண்டதற்கு நன்றி. நானும் இளவயதில் சன்னலோடு நின்றுவிடவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

மழைக்கோடு

நாளைக் காலை வெயிலிலேயே அந்தச் சாலையில் போகிறேன். பாதைக்குக் குறுக்கே பிரியும் மூன்று கிளைச் சாலைகள் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றிலும் மரங்கள் எங்கே முடிகின்றன, தென்மேற்கு அடிவானம் எங்கே திறக்கிறது, வண்டியைத் திருப்ப இடம் இருக்கிறதா என்று குறித்துக்கொண்டு வந்து இங்கே வரைபடமாகப் போடுகிறேன். திருத்துங்கள்.

தென்காற்று

போடுங்கள். அந்தக் கிளைச் சாலைகளில் தரைப்பாலம் ஏதாவது இருந்தால் அந்தச் சாலையை முதலில் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். ஓடும் நீர் 30 சென்டிமீட்டர் ஆழம் இருந்தாலே சிறிய காரைத் தூக்கிவிடும், 60 இருந்தால் பெரிய வண்டிகளையும் இழுத்துக்கொண்டு போகும். இருட்டில், மழையில், அது 10 சென்டிமீட்டரா 60ஆ என்று உள்ளிருந்து தெரியாது. பாலத்தின் தூணில் பழைய வெள்ளக் கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று இறங்கிப் பாருங்கள். அதையும் வரைபடத்தில் குறித்துவிடுங்கள்.